மைதானத்தில் வெள்ளைப் பந்தல்

வாசலில் வந்து நிற்பவரின் முகத்தைப் பார்த்தே கல்யாணப் பந்தலா, துக்கப் பந்தலா என்று சொல்லிவிடுவாள் பெரியக்கா. நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஊரில் பந்தல் போடுகிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மற்ற இருவரிடம் போனால், எடுத்த எடுப்பில் என்ன விசேஷம் என்று கேட்பார்கள். பெரியக்கா கேட்க மாட்டாள். துக்கத்தோடு வந்து நிற்கிறவனைப் பார்த்து அப்படிக் கேட்கிற நாக்கு அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. அது அவள் அப்பா காலத்திலிருந்து வந்த பெருமை.

துக்கப் பந்தலுக்கென்று அங்கே தனி முறை இருந்தது. சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட துணி வெளியே வராது. தனி அறையில் மடித்து வைத்த வெள்ளைத் துணிதான் போகும். எத்தனை நாளைக்கு என்று கேட்கக் கூடாது. முளை அடிக்கிற சுத்தியலில் சாக்குத் துண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். வேலை முடிகிற வரை ஆட்கள் வாயைத் திறக்கக் கூடாது. நட்ட கம்பை, நடச் சொன்னவர்கள் வந்து போதும் என்று சொன்ன பிறகே பிடுங்க வேண்டும். ஒருமுறை பெரிய மனிதர் ஒருவர், தன் மகனுடைய வரவேற்புக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று பக்கத்துத் துக்க வீட்டின் பந்தலை ஒரு நாள் முன்னதாக இறக்கச் சொன்னார். "அவங்க சொல்லட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் இன்றுவரை தெருவில் நிமிர்ந்து நடந்தது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. பெரியக்கா கூடத்தில் உட்கார்ந்து, கிழிந்த துணிக்குக் கோணி ஊசியால் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒருவன் நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணின் ஓரங்கள் கீழே இறங்கி, உதட்டின் இரண்டு முனையும் தொங்கி, ஒரு வாரம் அழுது ஓய்ந்தவனைப் போல இருந்தான்.

"பந்தல் வேணுங்க."

"உள்ள வாப்பா. முதல்ல தண்ணி குடி."

குடித்தான். அவன் செம்பைக் கீழே வைக்கிற வரை காத்திருந்தாள்.

"எந்த இடம்?"

"மைதானத்துலங்க. ஆபீஸுக்கு எதிர்ல."

சந்து வீடாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள். வாசலில் இடம் இல்லாதவர்கள் மைதானத்தில் போடுவது உண்டு.

"எத்தனை பேர் வருவாங்க?"

"நானூறு பேராவது வருவாங்கன்னு நினைக்கிறோம். எத்தனை நாள்னுதான் சொல்லத் தெரியலங்க. முடியற வரைக்கும்."

"அதை யாரு கேட்டா?" என்றாள் பெரியக்கா, தன் குரலுக்கு எவ்வளவு மென்மை வருமோ அவ்வளவு மென்மையாக. நானூறு பேர் வருகிறார்கள் என்றால் போனவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். "மைக் வேணுமா?"

"வேண்டாங்க. சத்தம் போடறதா இல்ல. சும்மா உக்காரத்தான் போறோம்."

"விடியறதுக்குள்ள பந்தல் நிக்கும். நீ மனசைத் தேத்திக்க."

அவன் ஒரு மாதிரி பார்த்தான். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். அவன் தெரு முனை திரும்பும் முன்பே பெரியக்கா வெள்ளைத் துணி அறையின் பூட்டைத் திறந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆட்கள் வேலையை முடித்துத் திரும்பி, வரிசையாக உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுகொண்டிருந்தார்கள். கயிறு கட்டுவதில் தலைமை ஆள் முடிச்சு. அவன் போட்ட முடிச்சை அவனே நினைத்தால்தான் அவிழ்க்க முடியும் என்பதால் வந்த பெயர். சொந்தப் பெயர் சம்பளம் கொடுக்கிற பெரியக்காவுக்கே மறந்துவிட்டது.

"நல்லா நின்னுச்சா?" என்று கேட்டாள்.

"கம்பீரமா நிக்குது பெரியக்கா. ஆனா நாங்க கிளம்பற வரைக்கும் ஒருத்தரும் வரல. அழுகைச் சத்தமும் இல்ல."

"ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டுவரணுமா இருக்கும்."

ஒன்பதரை மணிக்குத் தம்பி வந்தான். லாரி ஓட்டுவதும் விளக்கு போடுவதும் அவன் பொறுப்பு. ஐம்பத்தைந்து வயதாகியும் அக்காவுக்கு முன்னால் பாதிப் பேச்சுதான் வரும். அன்று முழுப் பேச்சும் வந்தது.

"அக்கா, செத்தது யாருன்னு கேட்டியா?"

"அதைப் போய்க் கேப்பாங்களா?"

"கேட்டிருக்கணும். அங்க யாரும் சாகல."

பெரியக்கா கையிலிருந்த நூலை வைத்தாள்.

"காலேஜ் பசங்க வந்து உக்காந்திருக்காங்க. ஆத்துப் பாலம் எப்ப கட்டுவீங்க, ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்ப வருவாரு, காலியாக் கெடக்கற வேலைக்கு ஆள் எப்ப எடுப்பீங்க, யாராவது கீழ இறங்கி வந்து பதில் சொல்லுங்கன்னு அட்டையில எழுதி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நம்ம வெள்ளைத் துணிக்குக் கீழ. கவர்மெண்ட்டு செத்துப் போச்சு, பசங்க துக்கம் காக்கறாங்கன்னு ஊரே சிரிக்குது. டீக்கடைக்காரன் என்கிட்ட, எடுக்கறது எத்தனை மணிக்குன்னு கேக்கறான்."

ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். பெரியக்கா திரும்பிப் பார்த்ததும் முட்டை அவன் தொண்டையில் நின்றுகொண்டது.

அவள் குடை எடுத்துக்கொள்ளாமல் நடந்தாள். கோபமாக இருக்கும்போது அவளுக்கு வெயில் தெரியாது.

பந்தல் கம்பீரமாகத்தான் நின்றது. கீழே அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நானூறுக்கு மேலேயே இருக்கும். மேடை இல்லை, மாலை இல்லை, முன்னால் பெரிய நாற்காலி எதுவும் இல்லை. பந்தல் என்றால் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து உட்கார ஒரு ஆள் எதிரே வேண்டும். இங்கே அந்த எதிர்ப்பக்கத்தில் அரசாங்க ஆபீஸின் மூடிய கதவுதான் இருந்தது. மாடி ஜன்னல்களில் குமாஸ்தாக்களின் தலைகள் தெரிந்தன. மரத்தடியில் ஏழெட்டுப் போலீஸ்காரர்கள், வேலை இல்லாமல் களைத்துப்போய் நின்றார்கள். குப்பைக் காகிதத்தை ஒரு பெண் சாக்கில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்று வந்தவன் எழுந்து வந்தான்.

"யாருப்பா செத்தது?" என்றாள் பெரியக்கா.

"யாரும் இல்லைங்களே."

"அப்புறம் ஏன் நேத்து அப்படி வந்து நின்ன?"

"எப்படிங்க?"

"இப்ப நிக்கற மாதிரிதான்."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. "அவன் மூஞ்சியே அப்படித்தான் அத்தை. பரீட்சையில முதல் மார்க் வாங்கினப்பவும் இப்படியேதான் நின்னான். நாங்க அழுமூஞ்சின்னுதான் கூப்பிடுவோம்."

அத்தை என்ற சொல் காதில் விழுந்த பிறகே குரல் யாருடையது என்று உறைத்தது. தம்பியின் மகள். இருபத்தொரு வயது ஆகிவிட்டது. வீட்டில் இன்னும் பாப்பா. மூன்றாவது வரிசையில், மடியில் அட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நூலகத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போன."

"போனேனே. அங்கதான் எல்லாரும் கூடினோம்."

"எந்திரி. வீட்டுக்கு நட."

"ரெண்டு மணிக்கு வர்றேன் அத்தை. ஒரே நேரத்துல எல்லாரும் எழுந்து போகக் கூடாதுன்னு முறை போட்டிருக்கோம். என் முறை ரெண்டு மணி."

நானூறு பேருக்கு முன்னால் அந்த வீட்டுப் பெண் பெரியக்காவின் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசினாள். அதுவும் மரியாதையாகப் பேசினாள். அதுதான் இன்னும் எரிந்தது.

"இவனை என்கிட்ட அனுப்பினது நீதானா?"

"பொய் சொல்லச் சொல்லி அனுப்பல. யார்கிட்டப் பந்தல் சொல்லலாம்னு கேட்டாங்க. மத்த ரெண்டு பேரும் ஆபீஸ்லேருந்து ஒரு போன் வந்தாப் போதும், பிரிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. எங்க வீட்டுல பிரிக்க மாட்டாங்கன்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, "வெள்ளைத் துணி வரும்னு எனக்கும் தெரியாது அத்தை. காலையில பாத்ததும் பயந்துட்டேன். ஆனா வெள்ளைக்கு வெக்கை கம்மியா இருக்கு" என்றாள்.

பெரியக்கா திரும்பி நடந்தாள். முதுகு எப்போதும் போல நேராகத்தான் இருந்தது. காது மட்டும் சிவந்திருந்தது.

பாப்பா சொன்னபடி இரண்டு மணிக்கு வந்தாள். அதற்குள் ஆபீஸ் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்: நாளைக் காலை பத்து மணிக்குப் பெரியக்கா ஆபீசரைப் பார்க்க வேண்டும். தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னான். அடுத்த மாதம் பாலத்துக்கு அடிக்கல் விழா இருக்கிறது. பந்தல் இந்த வீட்டுக்குத்தான் என்று ஆபீசர் மனதில் வைத்திருக்கிறார். அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

"நாலாவது அடிக்கல்லா?" என்று பாப்பா கேட்டாள், கை கழுவிக்கொண்டே.

"கிண்டல் பண்ணாத. ஏற்கெனவே நடந்த மூணு விழாவுக்கும் நம்ம பந்தல்தான்," என்றாள் பெரியக்கா. "முதல் விழாவுல மந்திரி உன் தாத்தா கையைப் புடிச்சுக் குலுக்கினாரு. ரெண்டாவதுக்கு ஆயிரத்து ஐநூறு நாற்காலி போட்டோம். மூணாவது அன்னிக்குப் பேய்க்காத்து. பக்கத்து ஊர்லேருந்து வந்த மைக் கம்பமெல்லாம் சாஞ்சுது. நம்ம கம்பு ஒண்ணு அசையல."

"பந்தல் மூணும் நல்லாத்தான் இருந்துது அத்தை. பாலம்தான் வரல."

"அதுக்கு நாம என்ன பண்றது? நம்ம வேலை பந்தல் போடறது."

"அதேதான் நாங்களும் சொன்னோம். எங்களுக்கும் பந்தல் போடுங்கன்னு."

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "சாமான் வெச்சிருக்கற கிடங்கு ஆபீஸ் இடத்துல இருக்கு. வருஷா வருஷம் அவன் அனுமதி குடுத்தாத்தான். நாளைக்கே காலி பண்ணுன்னா இவ்வளவு கம்பையும் நாற்காலியையும் எங்க கொண்டுபோய் வைக்கிறது? உன் தலையிலயா?"

"அப்பா, நாங்க யாரையும் திட்டல. கல்லு எடுக்கல. ரோட்டை மறிக்கல. கேள்வி கேக்கறோம், அவ்வளவுதான்."

"கேள்வி கேக்க வேற துணி கிடைக்கலியா?"

பாப்பா சிரித்துவிட்டாள். அவனுக்கும் உதட்டோரம் துடித்தது. அக்காவைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

"குடும்பத்து மானம் மைதானத்துல கெடக்குது, உங்களுக்குச் சிரிப்பு," என்றாள் பெரியக்கா. "நாளைக்குப் போய், துணியை மாத்திடறேன்னு சொல்றேன். இல்லாட்டி இறக்கிடறேன். அங்க துக்கமே இல்ல. துக்கம் இல்லாத இடத்துல துக்கத்து முறையும் இல்ல. யாரும் என்னைக் குத்தம் சொல்ல முடியாது."

தம்பியின் மனைவி பருப்பு ஊற்ற வந்தவள் கரண்டியோடு நின்றாள். பேச்சு குறைவான பெண். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்து மூன்று வருஷத்தில் நாத்தனார் பேச்சில் குறுக்கிட்டதில்லை.

"எங்கப்பா போனப்ப நீங்கதான் பந்தல் அனுப்பினீங்க அண்ணி," என்றாள்.

"ஆமா. செய்தி வந்த அரை மணியில அனுப்பினேன்."

"பந்தலுக்கு முதல் படகுல இடம் கிடைச்சுது. எனக்கு மூணாவது படகுலதான் கிடைச்சுது. நான் போய்ச் சேந்தப்ப உங்க வெள்ளைத் துணி நாலு பக்கமும் அழகாக் கட்டியிருந்துது. அப்பாவை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

பருப்பை எல்லோருக்கும் ஊற்றினாள். பெரியக்காவுக்கு எப்போதும் போல ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். பாப்பா தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மூன்று மணிக்கு முன்பே கிளம்பினாள். போகாதே என்று பெரியக்கா சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் பெரியக்கா ஆபீசரின் அறைக்கு வெளியே நின்றாள். தம்பி கூட வந்திருந்தான். ஜன்னல் வழியே மைதானம் தெரிந்தது. மேலிருந்து பார்க்க, பந்தல் ஒரு பெரிய வெள்ளைப் போர்வையாக இருந்தது, ஆட்கள் தெரியவில்லை. தன் பந்தலை மேலிருந்து அவள் பார்த்தது அதுவே முதல் தடவை.

ஆபீசர் எழுந்து நின்றே வரவேற்றார். நாற்பது வயதுக்காரர், இஸ்திரி கலையாத சட்டை.

"உக்காருங்க பெரியக்கா. உங்கமேல எங்களுக்கு வருத்தமே கிடையாது. முதல்ல அதைத் தெரிஞ்சுக்கங்க. உங்களை ஏமாத்திட்டாங்க."

அவள் உட்கார்ந்தாள்.

"நாற்பது வருஷமா ஒரு தப்பு நடக்காத வீடு. அந்த வீட்டுப் பேரை வெச்சு அரசாங்கத்தைக் கேவலப்படுத்திட்டாங்க. நாங்க ஒரு புகார் எழுதி வெச்சிருக்கோம். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். மோசடிப் புகார் வந்தா அந்தப் பையனைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். மத்தவங்க தானா கலைஞ்சு போயிடுவாங்க. உங்க பொண்ணும் அங்க இருக்குதாமே. அது பேரு எதுலயும் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

தம்பி பெருமூச்சு விட்டான். பெரியக்காவுக்கும் நெஞ்சில் ஏதோ இறங்கி லேசானது. ஏமாற்றப்பட்டோம் என்பது எவ்வளவு வசதியான இடம். அதில் உட்கார்ந்துகொண்டால் நாற்பத்தொரு வருஷமும் பழுதில்லாமல் அப்படியே இருக்கும். ஊர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, பாவம் பெரியக்கா என்று சொல்லும். இரண்டில் எது மோசம் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

"கண்ணாடி கொண்டுவரல. படிச்சுக் காட்டச் சொல்லுங்க," என்றாள்.

குமாஸ்தா படித்தான். தன் வீட்டில் மரணம் நிகழ்ந்துவிட்டதாகப் பொய் கூறி, கண்ணீர் மல்க வேண்டி, மேற்படி நபர் பந்தலைப் பெற்றுக்கொண்டார்...

"இருப்பா. அவன் அழலியே."

குமாஸ்தா ஆபீசரைப் பார்த்தான். கண்ணீரை எடுத்துவிடலாம் என்று ஆபீசர் கை காட்டினார்.

"மரணம்னும் சொல்லல."

"சொல்லாம எப்படி நீங்க வெள்ளைத் துணி போட்டீங்க?"

பெரியக்கா நேற்று முன்தினத்தை ஒவ்வொரு வார்த்தையாக மனதில் எடுத்துப் பார்த்தாள். "மைதானத்துலன்னு சொன்னான். மைதானத்துலதான் இருக்காங்க. நானூறு பேர் வருவாங்கன்னான், வந்திருக்காங்க. மைக் வேண்டாம், சத்தம் போட மாட்டோம், சும்மா உக்காரப் போறோம்னான். நீங்களே பாக்கறீங்களே, சத்தம் கேக்குதா? அந்தப் பையன் சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யில்ல."

"அக்கா," என்றான் தம்பி மெதுவாக.

"அப்படின்னா தப்பு யாரோடது?" என்று ஆபீசர் கேட்டார். சிரித்தபடிதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு அந்த அம்மாள் பதில் சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கூடம் இடிந்து விழுந்தாலும் சுவர்மேல் குற்றம் சொல்லுகிற பரம்பரை அது.

பெரியக்காவின் தாடை இரண்டு தடவை அசைந்தது. சொல்லிப் பழக்கமில்லாத சொல். வாயில் அதற்கு இடம் தேட வேண்டியிருந்தது.

"என்னோடது."

தம்பி அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"எழுதிக்கப்பா," என்றாள் குமாஸ்தாவிடம். "புகார் வேண்டாம். நடந்ததை எழுது. வந்தவன் எதையும் மறைக்கல. என்ன காரியம்னு நான் கேக்கல. நானா துக்கம்னு நினைச்சுக்கிட்டு வெள்ளைத் துணி அனுப்பினேன்."

குமாஸ்தா எழுதி, படித்துக் காட்டினான். என்னுடைய கவனக்குறைவால் நேர்ந்தது என்று முடித்திருந்தான்.

"கவனக்குறைவு இல்ல. ரொம்பக் கவனமாத்தான் இருந்தேன். மூஞ்சியைப் பாத்தே எல்லாம் தெரிஞ்சுடும்னு ஒரு கர்வம். கர்வம்னு எழுது."

"இதெல்லாம் அரசாங்கக் காகிதத்துல எழுதற வார்த்தை இல்லீங்க."

"எழுதினாத்தான் கையெழுத்து."

எழுதினான். அவள் கண்ணாடி இல்லாமலேயே கையெழுத்துப் போட்டாள். கோடு நேராக இருந்தது.

ஆபீசர் பேனாவை மூடிவைத்தார். "சரி. தப்புன்னு ஒத்துக்கிட்டீங்க. தப்பாப் போட்ட பந்தலை இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இறக்கிடுங்க. இல்லேன்னா அடிக்கல் விழாவுக்கு நாங்க வேற ஆளைப் பாக்கணும். கிடங்கு அனுமதியும் வர்ற மாசம் முடியுது."

"துணிதான் தப்பு. பந்தல் தப்பில்ல," என்றாள் பெரியக்கா, எழுந்துகொண்டே. "நடச் சொன்னவங்க போதும்னு சொன்னா அடுத்த நிமிஷம் இறக்கிடறேன். நீங்களே அவங்ககிட்டப் பேசுங்க. தூரமில்ல. படி இறங்கினா எதிர்லதான் உக்காந்திருக்காங்க. யாராவது இறங்கி வரணும்னுதான் அவங்களும் கேக்கறாங்க."

ஆபீசர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பெரியக்கா விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்தாள். படியில் இறங்கினாள். தம்பி கை கொடுத்தான். தட்டிவிட்டாள், இரண்டு படி கழித்து, தானே அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"போச்சு," என்றான் தம்பி.

"என்ன போச்சு?"

"எல்லாந்தான். நாளையிலேருந்து விடியக்காலை எழுந்திருக்க வேண்டாம்."

"உனக்கு அதானே வேணும்."

கீழே லாரி நின்றது. முடிச்சும் நான்கு ஆட்களும் ஏணியை இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று தம்பி காலையிலேயே சொல்லி வைத்திருந்தான்.

"பெரியக்கா, இறக்கவா?"

"என்னைக் கேக்காத. நடச் சொன்னவங்களைக் கேளு."

முடிச்சு போனான். பெரியக்கா பந்தலுக்கு வெளியே, வெயிலிலேயே நின்றாள். உள்ளே ஏதோ பேச்சு எழுந்தது. அழுமூஞ்சி எழுந்து நின்று பேசினான். பாப்பா எழுந்தாள், கிடங்கு, அனுமதி என்று இரண்டு சொற்கள் காற்றில் வந்தன. பிறகு ஒரு பெண் பேசினாள். பின் வரிசையிலிருந்து ஒருவன் மறுத்தான். மறுத்தவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவன் முடிக்கிற வரை கேட்டார்கள். கை தூக்கினார்கள், எண்ணினார்கள், மறுபடியும் எண்ணினார்கள்.

"பந்தல் வேணுமா வேண்டாமான்னு கேட்டா இவ்வளவு நேரமா?" என்று முனகினாள். அவள் வீட்டில் எந்த முடிவுக்கும் இத்தனை நேரம் பிடித்ததில்லை. ஒரே ஆள் எடுக்கிற முடிவுக்கு நேரம் எதற்கு? ஆனாலும் நின்றாள். தம்பி குடையை விரித்துத் தலைக்குமேல் பிடித்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடைசியில் அழுமூஞ்சி வந்தான்.

"பேசி முடிவு பண்ணிட்டோங்க. உங்களுக்குத்தான் எங்களால கஷ்டம். கொஞ்சப் பேரு ஒத்துக்கல. மீதி எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நீங்க பந்தலை எடுத்துக்கங்க. நாங்க வெயில்லயே உக்காந்துக்கறோம்."

பெரியக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். தொங்கிய கண், தொங்கிய உதடு. அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. இவன் வருத்தப்படுகிறானா, ஆறுதலாக இருக்கிறானா, பசியோடிருக்கிறானா, எதுவும் தெரியவில்லை.

"உங்களுக்குப் பந்தல் போதும்னு சொல்றியா, எனக்காகச் சொல்றியா? அதைச் சொல்லு."

அவன் திரும்பி மற்றவர்களைப் பார்த்தான். "உங்களுக்காகத்தாங்க."

"அது செல்லாது," என்றாள். "எங்க வீட்டுக் கஷ்டத்தை நாங்க பாத்துக்குவோம். அதுக்குக் கை தூக்க உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது? உங்க வேலை முடிஞ்சுதா இல்லியா?"

"இல்லைங்க."

"அப்ப போய் உக்காரு."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். பாப்பா எழுந்து அத்தையை நோக்கி வரப் பார்த்தாள். உன் முறை இப்ப இல்ல என்பது போலப் பெரியக்கா கையைக் காட்டினாள். பாப்பா உட்கார்ந்தாள்.

சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. நேற்று மூன்று மணிக்கு மேல் இவர்கள் எப்படி உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று பெரியக்கா பந்தலைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். துக்க வீட்டில் கூட்டம் மத்தியானத்துக்குள் கலைந்துவிடும். அந்தக் கணக்கில் கட்டிய பந்தல். மேற்குப் பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது.

"முடிச்சு, ஏணியை மேற்கே கொண்டுபோ. தரை வரைக்கும் ஒரு துணி இழுத்துக் கட்டு. சாயங்கால வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும்."

"எந்தத் துணி பெரியக்கா? லாரியில கலர் இருக்கு. வெள்ளைக்கு வீட்டுக்குத்தான் போகணும்."

அவள் அழுமூஞ்சியின் பக்கம் திரும்பினாள்.

"எது வேணும்னு கேட்டுச் சொல்லு," என்றாள். "மறுபடியும் எண்ணணும்னா எண்ணிக்கங்க. நான் நிக்கறேன்."